எமெலிங் கொண்டுபோன சாலட்

எங்கள் தெருவில் எமெலிங்கைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "நல்ல பொண்ணு" என்பார்கள். அதற்குமேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது. என்னிடம் இருக்கிறது. லுசேனாவில் அவள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருப்பவள் நான். கொன்சொலாசியோன் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் பொறுமை கிடையாது, சோலிங் என்பார்கள். பதினொரு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதி காலையிலும் அவளுக்கு ஒரு சாக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

எமெலிங் சமார் தீவுக்காரி. பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பையோடு இங்கே தேங்காய்ப்பூ தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். உடைத்த தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவி எடுக்கிற வேலை. அவள் சீவுவதைப் பார்த்தால் நமக்கு விரல் கூசும், அவ்வளவு வேகம். அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த அர்சிங் அவளைப் பார்த்து மயங்கி, கல்யாணம் செய்து, எதிர்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அர்சிங் தங்கமானவன். அக்காக்கள் முன்னால் மட்டும் வாய் திறக்காத தங்கம்.

அவனுக்கு அக்கா அண்ணன் என்று ஆறு பேர். மூத்தவள் பூரிங். பக்பிலாவில் கடலோரத்தில் இருக்கிற பெரிய வீடு அவளுடையது. புத்தாண்டு மதியச் சாப்பாட்டுக்கு மொத்தக் குடும்பமும் அங்கேதான் கூடும், நாற்பது வாய்க்குக் குறையாது. யார் என்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலை பூரிங் நவம்பரிலேயே போட்டுவிடுவாள். ஒருத்திக்குப் பன்றித்தொடை வறுவல், ஒருத்திக்குச் சேமியா, ஒருத்திக்குக் கேக். சாலட் மட்டும் எப்போதும் பூரிங்குடையது. சாலட் என்றால் பச்சைக் காய்கறி என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்தால் பட்டினிதான் கிடக்க வேண்டும். எங்கள் சாலட் மாக்கரோனி, டப்பாப் பழம், சீஸ் துண்டு, தேங்காய் நீர் ஜெல்லி, உலர்திராட்சை எல்லாவற்றையும் கிரீமிலும் கெட்டிப்பாலிலும் புரட்டிக் குளிரவைத்தது. அது இல்லாத விருந்தை விருந்தென்று நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

கல்யாணமான முதல் வருடம், புது மருமகள் கை எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று பூரிங் சாலட்டை எமெலிங்கிடம் விட்டுக்கொடுத்தாள். எமெலிங் பழ டப்பாவைத் திறந்து ஜூஸோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள். சமாரில் அவள் வீட்டில் வருடத்துக்கு ஒரு டப்பாதான் திறப்பார்கள். அந்த ஜூஸுக்காக ஐந்து பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நிற்பார்களாம். அதைச் சாக்கடையில் ஊற்ற அவளுக்குக் கை வருமா? போதாக்குறைக்கு மாக்கரோனியும் சரியாக ஆறவில்லை. விருந்தில் மூடியைத் திறந்தபோது வெள்ளைத் தண்ணீரில் எல்லாம் மிதந்துகொண்டிருந்தது. "சூப் வந்தாச்சு, கிண்ணம் எடுங்க!" என்று பூரிங் சொன்னாளாம். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடப் பட்டியலில் எமெலிங் பெயருக்கு நேராக ஐஸ் என்று இருந்தது. அதற்கடுத்த வருடமும் ஐஸ். பிறகு பெயரே ஐஸ் எமெலிங் என்று ஆகிவிட்டது. சமைக்கத் தெரியாதவர்களிடம்தான் ஐஸ் கொண்டுவரச் சொல்வார்கள், இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் அவளைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை. சாக்கை இறக்கி வைத்தபிறகு அவளுக்கு அந்த வீட்டில் செய்ய ஒரு வேலையும் இருக்காது, அவ்வளவுதான். எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். அவளோ, "போங்கக்கா, ஐஸ் இல்லாம யாரு என்ன குடிக்க முடியும்?" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

போன வருடம்தான் அந்தச் சிரிப்பு நின்றது. ஜனவரி இரண்டாம் தேதி உப்பு வாங்க வந்தவள் உப்பை வாங்காமல் நின்றாள்.

"கிறிசெலை அங்க என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமாக்கா?"

கிறிசெல் அவள் மகள். பதினொரு வயது.

"என்னன்னு?"

"ஐஸ் குட்டி. விளையாட்டுல சேத்துக்கும்போதே அப்படித்தான் கூப்பிடறாங்க. அவளும் 'ம்'னு போய் நிக்கிறா. எனக்கு வச்ச பேரு எனக்கு. அவளுக்கு எதுக்குக்கா?"

நான் உப்பைக் கொடுத்தேன்.

இந்த வருடம் கடவுள் பூரிங்கின் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றினார். மருத்துவர் இனிப்பைத் தொடக்கூடாது என்றுவிட்டார். ருசி பார்க்கிறேன் என்று பாதிச் சட்டியைக் காலி செய்கிறவள் பூரிங் என்பது அவள் பிள்ளைகளுக்குத் தெரியும். சாலட் பக்கமே போகக்கூடாது என்று ஆணை போட்டுவிட்டார்கள். அப்படியானால் சாலட் யார் செய்வது என்று குடும்பத்தின் அரட்டைக் குழுவில் கேள்வி வந்தது. பூரிங் செய்த இடத்தில் யார் கை வைப்பது? எல்லாரும் பார்த்துவிட்டு ஊமையாகிவிட்டார்கள். எமெலிங் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "நான் செய்றேன்" என்று தட்டி அனுப்பிவிட்டு, பாம்பைத் தொட்டவள் போலப் போனைப் பெஞ்சில் வைத்தாள். முதலில் ஒரு சிரிப்புப் படம் வந்தது. பிறகு மூன்று வந்தன. கடைசியில் பூரிங்கிடமிருந்து "சரி" என்று ஒற்றைச் சொல்.

"மறுபடி சூப்பாச்சுன்னா நான் அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்க்கா," என்றாள் எமெலிங். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் வந்தால் பழ டப்பா கிடைக்காது என்று செப்டம்பரிலேயே ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தாள். அதாவது, பூரிங்குக்குச் சர்க்கரை வருமுன்பே இவள் தயாராக இருந்திருக்கிறாள். கேட்டால், "சும்மா வாங்கி வச்சேன்" என்கிறாள். டிசம்பர் முப்பதாம் தேதி பழத்தைச் சல்லடையில் கொட்டி ஒரு பகல் முழுக்க வடியவிட்டாள். வடிந்த ஜூஸை என்னிடம் கொடுத்தாள். நான் குச்சி ஐஸ் போட்டுத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மாக்கரோனியை வேகவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, தட்டில் பரப்பி, மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்துக் காவலுக்கு உட்கார்ந்தாள். அர்சிங் வேர்த்து வழிந்துகொண்டு, "எனக்குக் கொஞ்சம் காத்து விடேன்" என்றதற்கு, "நீ ஆறலைன்னா ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று பதில் வந்தது. கிரீமை என் ஃபிரீசரில் வைத்து எடுத்துக் கலந்தாள். பழ டப்பாவில் செர்ரி எண்ணிப் போட்டதுபோல நாலைந்துதான் இருக்கும், அதற்குத்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ளும். ஆகவே தனியாக ஒரு புட்டி செர்ரி வாங்கி எல்லாவற்றையும் போட்டாள். ஒரு பிள்ளையும் அழக்கூடாதாம்.

இரண்டு பெரிய ஐஸ்கிரீம் டப்பாக்கள் நிறைந்தன. அவள் வீட்டில் ஃபிரீசர் கையகலம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சிவப்பு ரிப்பனால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி என் கடை ஃபிரீசரில் வைத்தாள். ரிப்பன் எதற்கு என்கிறீர்களா? எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் டப்பாவை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அதில் ஐஸ்கிரீம் இருக்கும் என்று நம்பித் திறக்கிறவன் பால்குடி மறக்காதவனாகத்தான் இருக்க வேண்டும். கறி, மீன், அரைத்த மசாலா எல்லாம் அதில்தான். என் ஃபிரீசரிலேயே அதே அளவில் ஏழெட்டு டப்பாக்கள் கிடந்தன.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. புத்தாண்டுக்கு முதல்நாள் மாலை வாசலில் உருண்டைப் பழங்களைத் தொங்கவிடக் கயிறு தேடினேன். வருடம் பிறக்கும்போது உருண்டையாக எது இருந்தாலும் நல்லது. ஆரஞ்சு, திராட்சை, போட்டிருக்கிற சட்டையில் புள்ளிகூட உருண்டையாக இருக்க வேண்டும். கயிறு கிடைக்கவில்லை. காலையில் திரும்பக் கட்டிவிடலாம் என்று ஃபிரீசரிலிருந்த ரிப்பனை அவிழ்த்தேன். காலையில் கட்டவும் செய்தேன். முந்தின இரவெல்லாம் பட்டாசுச் சத்தத்தில் தூங்காத கண்ணோடு, பக்கத்திலிருந்த வேறு இரண்டு டப்பாக்களைக் கட்டிவிட்டேன். அவை என்னுடையவை. முதுகுப்பக்கம் பிளந்து, வினிகர், பூண்டு, மிளகில் ஊறப்போட்ட பால்மீன்.

ஒன்பது மணிக்கு எமெலிங் புள்ளிச் சட்டையோடு வந்து ரிப்பன் கட்டை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். கிறிசெலும் அர்சிங்கும் பின்னால். மூன்று பேரும் ஜீப்னி வண்டியில் ஏறுவதை வாசலில் நின்று நானே கையாட்டி வழியனுப்பினேன்.

பதினொரு மணிக்கு ஒருத்தி மீன் கேட்டு வந்தாள். டப்பாவைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று கிரீம், நடுவில் ஒரு செர்ரி.

"டினோ!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் உள்பனியனோடு தெருவுக்கே வந்துவிட்டார். எமெலிங்குக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அர்சிங்கும் எடுக்கவில்லை. நாற்பது பேர் இரைச்சலில் எந்தப் போன் கேட்கும்? கடையை அப்படியே மூடினேன். டினோ பக்கப்பெட்டி கோத்த தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். டப்பாக்களைச் செய்தித்தாளில் சுற்றி, சுற்றிலும் ஐஸை அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தேன்.

"மெதுவா போங்க, குலுங்கினா தண்ணி விட்டுடும்!"

"மெதுவா போனா சாப்பிட்டு முடிச்சிடுவாங்கடி."

"அப்போ வேகமா போங்க. குலுங்காம போங்க."

"இறங்கி நீயே ஓட்டு," என்றார் அவர். பக்பிலாவ் வரை இதே சண்டைதான். எனக்குச் சண்டை போட்டால்தான் அழுகை வராது.

பூரிங் வீட்டு வாசலுக்குப் போனபோது உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. ஓடினேன். முற்றத்தில் தட்டும் கையுமாக ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசையின் தொடக்கத்தில், விறகடுப்பில் பெரிய வாணலி, அதன் முன்னால் முகமெல்லாம் சிவந்து எமெலிங். எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

நடந்ததைக் கிறிசெல்தான் மூச்சுவிடாமல் சொன்னாள். பூரிங் வீட்டு ஃபிரிட்ஜில் இடமில்லை. டப்பாவும் கல்லாக இருந்ததால் இளகட்டும் என்று பின்கட்டில் வைத்துவிட்டார்கள். பிறகு மேசை நடுவில் வைத்து, எல்லாரும் போனை நீட்டிப் படமெடுக்க, பூரிங்தான் ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பால்மீன் அவளைப் பார்த்தது. பெர்டிங் பெரியப்பாதான் எட்டிப் பார்த்து, "போன தடவை நீச்சல் குளம். இந்தத் தடவை மீனே வந்துடுச்சு!" என்றார்.

"வீடே இடிஞ்சு விழற மாதிரி சிரிச்சாங்க, சோலிங் அத்தை. நானும் சிரிச்சேன். என்னால அடக்க முடியல!"

எமெலிங் பிறகு என்னிடம் சொன்னது இது. காது இரண்டும் சுட்டதாம். செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டாளாம். திரும்பிப் பார்த்தால், எல்லாரையும் மிஞ்சி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவமானத்தில் இல்லை, உண்மையிலேயே சிரிக்கிறாள். "அவளைப் பாத்ததும் எனக்கும் வந்துடுச்சுக்கா. கேட்டைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சேன். பன்னெண்டு வருஷத்துல அந்த வீட்ல நான் சிரிச்சது அதுதான் முதல் தடவை." திரும்பி வந்து, "எண்ணெய் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

பூரிங் குறுக்கே வந்தாள். "வருஷம் பொறந்த அன்னிக்கு யாராவது மீன் திம்பாங்களா? வருஷமெல்லாம் இழுபறியா போகும்!"

"ஒம்போது நாளா பன்றித்தொடையா தின்னு நாக்கு செத்துப்போச்சுக்கா," என்றான் யாரோ ஒரு தம்பி. "பூண்டு வாசனை வருது. தடுத்தீங்கன்னா அழுதுடுவேன்."

எல்லாரும் அவன் பக்கம். பாவம், கொழுப்பும் இனிப்புமாகத் தின்று தின்று அவர்களுக்கு ஒரு புளிப்புக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. நான் போகும்போது ஐந்தாவது மீன் வாணலியில் கிடந்தது. பன்றித்தொடையை ஈ மட்டும்தான் சீந்தியது. "கிறிசெல், உங்கம்மாகிட்ட எனக்கு வயித்துப்பக்கம் எடுத்து வைக்கச் சொல்லு!" என்று ஒரு அண்ணன் பையன் கத்தினான்.

அப்போதுதான் எமெலிங் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. மீன் தற்செயல், இதுதான் பரீட்சை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அரை மணி நேரம் பக்கப்பெட்டியில் குலுங்கிய சாலட். "மன்னிச்சுக்கோடி," என்றேன்.

பூரிங் டப்பாவை வாங்கினாள். மேசையில் வைத்தாள். அத்தனை பேரும் சூழ்ந்துவிட்டார்கள். மூடியைத் திறந்து, ஒரு கரண்டியை எடுத்து நடுவில் நட்டுவைத்துக் கையை எடுத்தாள். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். கரண்டி நின்றது. சாயவில்லை. பூரிங் டப்பாவையே ஒரு தட்டுத் தட்டினாள். அப்போதும் நின்றது.

"எடுத்துக்கோங்க," என்றாள் பூரிங். அவ்வளவுதான் சொன்னாள்.

எத்தனையோ விருந்து பார்த்திருக்கிறேன், நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியதைப் பார்த்ததில்லை. செர்ரிக்கு ஒரு பிள்ளைகூட அழவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகப் பிளாஸ்டிக் பையோடு வந்த அண்ணிமார் காலி டப்பாவைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அர்சிங் மூன்றாவது கிண்ணத்தோடு எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், "என் பொண்டாட்டி செஞ்சது," என்றான். பரவாயில்லை, வாய் இருக்கிறது.

சாப்பாடு முடிந்து எமெலிங்கும் நானும் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். பூரிங் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வெளியே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்தாள். எமெலிங் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாள் என்பது எனக்கே தெரியாது. பூரிங்குக்கு எப்படித் தெரிந்ததோ.

"ஒரே ஒரு வாய் குடு," என்றாள். அந்த அதிகாரக் குரலை நான் இவ்வளவு தாழ்வாகக் கேட்டதில்லை.

எமெலிங் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். பூரிங் கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தாள், விழுங்கினால் தீர்ந்துவிடும் என்பது போல.

"திராட்சை ஜாஸ்தி," என்றாள் விழுங்கியபிறகு. பிறகு, "மொத வருஷம் சாலட் செஞ்ச அன்னிக்கு நீ எனக்குப் போன் பண்ணின. ஞாபகம் இருக்கா?"

எமெலிங் தேய்த்துக்கொண்டிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கு."

"டப்பா ஜூஸை சாலட்ல சேக்கறதா, கீழ கொட்டறதான்னு கேட்ட. 'சமைக்கிறவளுக்குத் தெரியாததா'ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். வேணும்னேதான் வச்சேன். என் தம்பிய கூட்டிட்டுப் போனவ ஒருநாள் முழிக்கட்டுமேன்னு." பூரிங் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் நானே சிரிச்சேன். நீ இதை யார்கிட்டயும் சொல்லலையே? அர்சிங்கிட்டகூட?"

"சொல்லி? அக்கா தம்பி நடுவுல சண்டை மூட்டவா?"

பன்னிரண்டு வருடம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உப்பிலிருந்து புருஷன் குறட்டை வரைக்கும் எல்லாம் பேசியிருக்கிறாள். இதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

பூரிங் கவுனின் கையால் கண்ணைத் துடைத்தாள். "தப்பு பண்ணிட்டேன்மா," என்றாள். எமெலிங் ஈரக்கையோடு அவள் தோளைத் தொட்டாள். நான் தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தேன்.

பிறகு பூரிங் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஒரு வாய்."

"முடியாதுக்கா."

"அரை வாய்."

"முடியாதுன்னா முடியாது. எனக்கு நீங்க இன்னும் ரொம்ப வருஷம் வேணும்." எமெலிங் கிண்ணத்தை எடுத்து என் கையில் திணித்தாள். "சோலிங் அக்கா, நீங்க சாப்பிடுங்க."

அந்த வீட்டில் பூரிங்கிடம் யாரும் முடியாது என்று சொல்லிக் கேட்டதில்லை. தம்பிகள், தங்கைகள், பெற்ற பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். பூரிங் எமெலிங்கை மேலும் கீழும் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கதவுப்பக்கம் ஒதுங்கினேன்.

"சரிம்மா," என்றாள் பூரிங். எமெலிங்குக்குப் பக்கத்தில் வந்து நின்று, கரண்டியைத் தானே கழுவி வைத்தாள்.